டேட்டா இல்லாம திருப்பூர் தோக்கலைங்க

நேத்து கூட்டத்துல ஒரு கன்சல்டன்ட் பேசின வீடியோவை ஆளாளுக்கு ஷேர் பண்றீங்க. திருப்பூர்ல சின்ன பனியன் யூனிட்காரங்க இன்னும் மனக்கணக்குலயே ஓட்டறாங்களாம், பிக் டேட்டா, அதாவது குவியற கணக்கையெல்லாம் கம்ப்யூட்டர்ல அலசறது, தெரியாமதான் நஷ்டப்படறாங்களாம். நம்ம ஊர்க்காரங்களே கைதட்டினதுதான் வலிக்குது.

எங்ககிட்ட டேட்டா இல்லாம இல்லைங்க. மிஷினுக்கு மிஷின் டேப்லெட் மாட்டியாச்சு. பிளாட்லாக் மிஷின்ல தைக்கிற அக்கா தண்ணி குடிக்க எந்திரிச்சா எபிஷியன்சி சிவப்பாயிடுது. ஒரு பீசுக்கு எத்தனை நிமிஷம்னு எஸ்எம்வி போட்டு, அதை வச்சே பையர், அதாவது எங்ககிட்ட ஆர்டர் கொடுக்கிற பிராண்ட்காரர், விலையை அடிச்சுக் குறைக்கிறார். எங்க நிமிஷம் வரைக்கும் அவருக்குத் தெரியும். அவர் கடையில எந்தக் கலர் ஓடுது, எது தேங்குதுன்னு எங்களுக்கு ஒரு வரி வராது.

போன சீசன் ஆலிவ் கலர்ல ரிப்பீட் ஆர்டர். சாயம் போட்டு, துணி சுருங்காம இருக்கப் போடற காம்பாக்டிங்கும் முடிஞ்சு, கட்டிங் டேபிள்ல துணி விரிச்சப்புறம் மெயில் வருது, நிறுத்துங்கன்னு. சேல்ஸ் ஒரே ராத்திரியிலயா சரியும்? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சாயம் போடாத கோராத் துணியாவே வச்சிருந்து வேற கலருக்குப் போட்டிருப்பேன். நூல் காசு, சாயப்பட்டறை பில்லு எல்லாம் என் தலையில.

"ஜாராவைப் பாருங்க"ன்னு கமென்ட் வரும். பார்த்தாச்சு. 2014லயே, ஒவ்வொரு துணியிலயும் சிப் வச்சுக் கணக்கெடுக்கிற ஆர்எஃப்ஐடி கொண்டு வந்தாங்க. கடையில வித்த கணக்கு ஸ்பெயின்ல இருக்கிற அவங்க தலைமை ஆபீசுக்குப் போகுது, அவசர சரக்கைப் போர்ச்சுகல், மொராக்கோன்னு பக்கத்துலயே தைக்கிறாங்க. விக்கிறவன் தைக்கிறவன்கிட்ட சொல்றான், அதான் ஓடுது. நான் கேக்கறதும் அதைத்தான். 2018ல எச் அண்ட் எம்ங்கிற பெரிய துணி பிராண்ட்கிட்ட 430 கோடி டாலர் சரக்கு விக்காம கிடந்துச்சே, அவங்களை யாராச்சும் மனக்கணக்குன்னு சொன்னீங்களா?

துணி ஏற்றுமதியில பங்களாதேஷ் நம்மளை முந்தினதுக்கும் நமக்கு டேட்டா தெரியாததுதான் காரணமாம். ஐரோப்பாவுல அவங்க துணிக்கு இறக்குமதி வரியே இல்லை, அதை முதல்ல பேசுங்க.

நான் டெக்னாலஜிக்கு எதிரின்னு சொல்லிடாதீங்க. 2011ல கோர்ட் உத்தரவுல சாயப்பட்டறை எல்லாம் மூடினப்போ, கடன் வாங்கி, சாயக்கழிவு வெளியே போகாம சுத்திகரிக்கிற ஜீரோ டிஸ்சார்ஜ் பிளான்ட் போட்டு எந்திரிச்ச ஊருங்க இது. அந்த வட்டியைக் கட்டினவங்களைப் பார்த்தா புதுசு தெரியாதவங்கன்னு சொல்றீங்க?

அடுத்த கூட்டத்துல ஒரு பையரை மேடையேத்துங்க. கலர் வாரியா, சைஸ் வாரியா, வாராவாரம் விற்பனைக் கணக்கை சப்ளையருக்கு அனுப்புவீங்களான்னு எல்லார் முன்னாடியும் கேளுங்க. துணி வெட்டறதுக்கு முன்னாடி அது எங்க கைக்கு வரணும். அப்புறம் எங்களுக்குப் பாடம் எடுங்க.