இதழியல் துறை வளர ஓர் ஆசிரியர் ஊன்றி நிற்க வேண்டும்

ஒரு பல்கலைக்கழக இதழியல் துறையின் வளர்ச்சியை அதன் கட்டடத்தையும் கேமராக்களின் எண்ணிக்கையையும் வைத்து அளப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நான் அதை ஏற்பதில்லை. ஓர் ஆசிரியர் அங்கே எத்தனை ஆண்டுகள் ஊன்றி நின்றார், அவரிடம் படித்தவர்கள் எழுதியதை ஊரார் படித்தார்களா என்றுதான் நான் கேட்பேன்.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் 1908 செப்டம்பர் 14 அன்று இதழியல் பள்ளி தொடங்கியது. அதை உருவாக்கிய வால்டர் வில்லியம்ஸ் கல்லூரி வாசலை மிதிக்காதவர். அச்சகத்தில் தொழில் பழகிப் பத்திரிகை ஆசிரியரானவர். வகுப்புகள் தொடங்கிய அன்றே மாணவர்களின் நாளிதழும் வெளிவந்தது. அது வளாகத்துக்குள் சுற்றும் செய்திமடல் அல்ல. பேராசிரியர்கள் பத்திரிகை ஆசிரியர்களாகவும் மாணவர்கள் செய்தியாளர்களாகவும் இருந்து, பல்கலைக்கழகம் அமைந்த கொலம்பியா நகர மக்களுக்காக நடத்திய பத்திரிகை. பெயரைத் தவறாக எழுதிய மாணவர் மறுநாள் அந்தப் பெயருக்குரியவரையே கடைத்தெருவில் எதிர்கொள்ள நேரும் என்பதைவிடச் சிறந்த பாடத்திட்டம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. வில்லியம்ஸ் 1931இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார்.

நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. 1941இல் லாகூரில் பி.பி.சிங் இதழியல் துறையைத் தொடங்கினார். பிரிவினையில் அந்த ஊரே கைவிட்டுப்போன பிறகும் அவர் அதை விடாமல் டெல்லியில் தொடர்ந்து நடத்தினார். பின்னர் அது சண்டிகருக்குச் சென்றது.

காவிரிப் படுகைக்கும் இந்த மரபு அந்நியமானதல்ல. 1878இல் தி இந்துவையும் 1882இல் சுதேசமித்திரனையும் தொடங்கியவர்களில் முதன்மையானவரான ஜி.சுப்பிரமணிய ஐயர் பிறந்தது திருவையாற்றில்; அவரும் முதலில் பள்ளி ஆசிரியர்தான். உ.வே.சாமிநாதையர் 1880 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் கும்பகோணம் கல்லூரியில் இருந்ததால்தான் அவருடைய பதிப்புப் பணி அங்கே வேர்பிடித்தது. இன்று திருவாரூரை அடுத்த நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது; அங்கே ஊடகக் கல்வியும் உண்டு. ஆனாலும் இதழியல் என்றால் சென்னைக்கு ரயிலேற வேண்டும் என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் மாறவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஏனெனில் எழுதவேண்டியது இங்கேதான் கொட்டிக்கிடக்கிறது. அறுவடைக் காலத்தில் ஒரு மாணவியை அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு அனுப்பிப் பாருங்கள். தார்ப்பாய் போர்த்திய நெற்குவியலின் அருகே இரவெல்லாம் காத்துக் கிடக்கும் விவசாயி, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பப்படுகிறார். கருவி காட்டிய எண் என்ன, குவியலின் எந்தப் பக்கத்திலிருந்து நெல் எடுத்தார்கள், அன்று பெய்த மழை எவ்வளவு, சாக்கு வந்து சேர்ந்ததா, மூட்டைக்கு இவ்வளவு என்று யாராவது கை நீட்டினார்களா என்று ஒவ்வொன்றையும் கேட்டு, பட்டியல் எழுத்தரின் விளக்கத்தையும் சுமைதூக்கும் தொழிலாளியின் சொல்லையும் சேர்த்து எழுதினால்தான் அது செய்தி. மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறக்கும் விழாவைப் படத்தோடு போடுவது எளிது. கல்லணையில் பிரியும் நீரில் வெண்ணாற்றுக்கு எவ்வளவு போனது, முறை வைத்துத் தண்ணீர் விட்டபோது கடைசியில் இருக்கும் கடைமடை வயல்களுக்கு என்றைக்கு எட்டியது என்று அளவுகளோடு எழுதப் பயிற்சி வேண்டும்.

இந்தப் பயிற்சியை ஒரு பருவத்துக்கு ஒருவராக வந்துபோகும் ஆசிரியர்களால் தர முடியாது. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாத கௌரவ விரிவுரையாளர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், மாணவர் எழுதியதற்காக அதிகாரி ஒருவர் கோபப்படும்போது முன்னால் நின்று பதில் சொல்லும் துணிவை அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமல்ல. நிரந்தரப் பணியிடம் என்பது சம்பளப் பிரச்சினை மட்டுமல்ல, கருத்துரிமைப் பிரச்சினையும்கூட. குறுவை, சம்பா, தாளடி என்ற நெல் பருவங்களைப் பல சுற்று பார்த்தவர், எந்த வாய்க்காலில் எந்த ஆண்டு உடைப்பு எடுத்தது என்று நினைவில் வைத்திருப்பவர், மாணவரின் முதல் செய்தியைச் சிவப்பு மையால் நிரப்பி மீண்டும் களத்துக்கு அனுப்புபவர் வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: டெல்டாவில் இதழியல் கற்பிக்கும் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் அனுபவமுள்ள செய்தியாளர் ஒருவரையாவது நிரந்தர ஆசிரியராக நியமிக்க வேண்டும், பட்டமில்லை என்பதற்காக அவரைத் தள்ளிவிடக் கூடாது. அவர் பொறுப்பில் நான்கு பக்க வார இதழ் ஒன்றை மாணவர்கள் தமிழில் அச்சிட்டு, திருவாரூர், மன்னார்குடி, நாகப்பட்டினம் பேருந்து நிலையங்களில் விற்க வேண்டும். தவறு நேர்ந்தால் அடுத்த இதழின் முதல் பக்கத்திலேயே திருத்தம் வெளியிட வேண்டும்.