தெம்பை எந்த டியூபில் அளப்பது?

போன மாதம் ஓஎம்ஆரில் ஒரு ஐடி கம்பெனியில் ஹெல்த் கேம்ப். காலை ஆறே முக்காலுக்கே கான்ஃபரன்ஸ் ரூமில் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டோம். நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் முதலில் வந்தார்கள். அதில் ஒரு பையன், முப்பது வயதுகூட இருக்காது, திறந்த லேப்டாப்பைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு வந்தான். இடது கையை என்னிடம் நீட்டிவிட்டு, "சிஸ்டர், வலது கைல டைப் பண்ணலாம்ல?" என்றான். ஹெட்செட்டில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தேடி, ஊசி போட்டு, மூன்று டியூபும் நிரம்பும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. ஊசி என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு, கண்ணை மூடுபவர்கள் உண்டு. இருபத்திரண்டு வருடமாக ரத்தம் எடுக்கிறேன். ஊசி இறங்கியதே தெரியாத ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எழுந்து போகும்போது கேட்டான்: "எப்பப் பாத்தாலும் அசதியா இருக்கு சிஸ்டர். தூங்கி எழுந்தாலும் அசதி. இதுல தெரிஞ்சிடுமா?"

தெரியவில்லை. ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, பி12 எல்லாம் அளவுக்குள்ளேயே வந்தன. நாலு நாள் கழித்து லேபுக்கு போன் செய்தான். "எல்லாம் நார்மல்னா மேனேஜர்கிட்ட என்னன்னு சொல்லி லீவு கேக்கறது?"

சிரித்து மழுப்பி போனை வைத்துவிட்டேன். கேள்வி மட்டும் போகவில்லை. நான் படித்தது பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி. செல் உணவிலிருந்து சக்தி எடுக்கிற கிரெப்ஸ் சுழற்சியை மனப்பாடம் செய்து பரீட்சைத் தாளில் இறக்கிவைத்துவிட்டு வந்தவள். தூசி தட்டி மறுபடி படிக்க ஆரம்பித்தேன்.

அம்மா "உடம்புல தெம்பு இல்ல" என்பாளே, அந்தத் தெம்பைச் செய்வது செல்லுக்குள் இருக்கிற மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டி உறுப்புகள். ஏடிபி என்ற சரக்காக. ஒரு நாளில் நம் உடம்பு செய்து செலவழிக்கும் ஏடிபியை எல்லாம் சேர்த்து நிறுத்தால் ஏறக்குறைய நம் எடையே வரும். ஆனால் கையிருப்பு ரொம்பக் கொஞ்சம். அன்றாடங்காய்ச்சிக் குடும்பம்தான்: வந்த காசு அன்றைக்கே போய்விடும். எடையில் நூற்றில் இரண்டு பங்கான மூளை, செலவில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. நாற்காலியில் சும்மா உட்கார்ந்து பயந்துகொண்டிருப்பதற்கும் செலவு உண்டு. மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசோல் தயாராவதில் முதல் படியே மைட்டோகாண்ட்ரியாவுக்குள்தான் நடக்கிறது. இதை நான் படித்து மறந்திருந்தேன்.

இன்னொரு வேடிக்கை. நான் நாள் முழுக்க எடுக்கிற ரத்தத்தில் பெரும்பான்மையாக இருக்கிற சிவப்பணுக்களுக்கு மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. வெள்ளை அணுக்களில் இருக்கிறது. அங்கே அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற மெஷின் எங்கள் லேபில் இல்லை. எந்த ஹெல்த் பேக்கேஜிலும் அது இல்லை.

ஆராய்ச்சிக்காரர்கள் பார்க்கிறார்கள். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பிக்கார்ட் என்பவருக்கு இதுதான் முழுநேர வேலை: மனநிலைக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் என்ன போக்குவரத்து என்பது. 2018இல் அவரும் மற்றவர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் அம்மாக்களையும் அந்தச் சுமை இல்லாத அம்மாக்களையும் ஒப்பிட்டார்கள். சுமை உள்ள அம்மாக்களின் வெள்ளை அணுக்களில் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் குறைவு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அடுத்த விஷயம்: ரத்தம் எடுப்பதற்கு முந்தைய இரவுகளில் மனசு நன்றாக இருந்தவர்களுக்கு அந்தத் திறன் கூடுதலாக இருந்திருக்கிறது. காலை ஏழு மணிக்கு நான் மூடி போடுகிற டியூபுக்குள் நேற்று ராத்திரி வீட்டில் நடந்ததும் இருக்கிறது என்று நினைத்தால் கை கொஞ்சம் கூசுகிறது.

அந்த ஆய்வில் நூறு பேர்கூட இல்லை. அவர்கள் அம்மாக்கள், ஆபீஸ்காரர்கள் அல்ல. எது காரணம், எது விளைவு என்று அடித்துச் சொல்ல முடியாது. இதை வைத்துக்கொண்டு நாளைக்கே சட்டம் போடு என்று நான் கொடி பிடிக்கப் போவதில்லை.

ஆனால் 2023இல் அதே குழுவிலிருந்து வந்ததைப் பாருங்கள். மனிதத் தோல் செல்களைத் தட்டில் வளர்த்து, கார்டிசோல் மாதிரியே வேலை செய்கிற டெக்சாமெத்தசோனை நீண்ட நாள் கொடுத்துவந்தார்கள். அதே டெக்சாதான், நாம் ஊசியில் ஏற்றுகிறோமே. அந்தச் செல்கள் வழக்கத்தைவிட ஏறக்குறைய 60 சதவீதம் அதிகமாக எரிசக்தி செலவழித்தன, சீக்கிரம் மூப்படைந்தன. தட்டில் கிடந்த செல் ஓடவில்லை, பாரம் தூக்கவில்லை. மத்திய கைலாஷ் சிக்னலில் இன்ஜினை அணைக்காமல் நிற்கிற ஆட்டோதான் நினைவுக்கு வந்தது. ஒரு மீட்டர் தூரம்கூட நகரவில்லை, பெட்ரோல் மட்டும் காலி. "நாள் முழுக்க உக்காந்துதானே இருக்கே, என்ன அசதி உனக்கு?" என்று கேட்கிற எல்லா மாமனார்களுக்கும் இதை அனுப்பலாம்.

லீவு கேட்ட பையனுக்காக இன்னொன்று. 2021இல் பிக்கார்ட் குழுவே பதினான்கு பேரின் தலைமுடியை நீளவாக்கில் அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார்கள். ஒருவர் விடுமுறையில் போயிருந்த காலத்தில் அவருடைய நரைத்த முடிகளில் ஐந்து மறுபடி கறுத்திருந்தன. எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை, ஹேர் டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

"எங்க அப்பா பன்னெண்டு மணி நேரம் உழைச்சாரு, அவருக்கு இந்த வியாதியெல்லாம் வரலையே" என்று கமென்டில் எழுதப்போகிறவர்களுக்கு: என் அப்பா கோயம்பேட்டில் லோடுமேன். ராத்திரி இரண்டு மணிக்குப் போய் மூட்டை இறக்குவார். உடம்பை அசைத்து உழைக்கும்போது தசையில் மைட்டோகாண்ட்ரியா பெருகும், அது உண்மை. படுத்தால் கட்டை மாதிரி தூங்குவார், அதுவும் உண்மை. ஐம்பத்தெட்டில் மாரடைப்பில் போனார் என்பதும் உண்மை. அந்தக் காலப் பெருமையை என்னிடம் விற்காதீர்கள்.

வேலைதான் ஆளைக் கொல்கிறதா, வேலையில் எது கொல்கிறது என்ற கேள்விக்கு நான் படித்ததில் மிகத் தெளிவான பதில் லண்டனிலிருந்து வருகிறது. 1967இல் தொடங்கி ஏறக்குறைய பதினெட்டாயிரம் அரசு ஊழியர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். வைட்ஹால் ஆய்வு என்று பெயர், மைக்கேல் மார்மட் அதில் முக்கியமானவர். யாரும் பட்டினி கிடப்பவர்கள் இல்லை. மேல்பதவியில் இருக்கிறவர்களுக்குத்தான் டென்ஷன், மாரடைப்பு என்று நாம் நினைப்போம். நேர் எதிர். கீழே இறங்க இறங்க இதயநோய்ச் சாவு கூடியது. சிகரெட், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்த பிறகும் வித்தியாசம் மிச்சம் இருந்தது. 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் ஒரு காரணம் பிடிபட்டது: தன் வேலையை எப்படி, எந்த வரிசையில் செய்வது என்று தீர்மானிக்கிற உரிமை தன் கையில் இல்லாதது. அமெரிக்காவில் ராபர்ட் கராசெக் இதையே 1979இல் சொல்லியிருக்கிறார். சுமை மட்டும் அதிகமாக இருந்தால் தாங்கலாம், சுமையும் அதிகம் பிடியும் இல்லை என்றால்தான் ஆள் உடைவான் என்று.

என் நாத்தனார் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸில் இருக்கிறாள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே திருத்தப்பட்டது. அவள் கடையிலும் ஸ்டூல் வந்தது. "ஸ்டூல் இருக்கு அண்ணி, எப்ப உக்காரலாம்னு சூப்பர்வைசர்தான் சொல்லணும்" என்றாள். அவர் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்ததும் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசாமல் படுத்திருப்பாள்.

2023இல் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்து, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். நல்லது. ஆனால் அன்றைக்குப் பேசியதெல்லாம் மணிக்கணக்குதான். அந்த மணிகள் யார் கையில் இருக்கின்றன என்பதைப் பற்றி அதிகம் பேச்சு எழவில்லை.

என் கதைக்கு வருகிறேன். கேம்ப் இல்லாத நாளில் எனக்கு வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலை. ஒரு நாளைக்குப் பதினாலு வீடு. முன்பு முந்தின நாள் ராத்திரி லிஸ்ட் வரும். எந்த வீடு முதலில், எந்தச் சந்து வழியே என்று நானே வரிசை போடுவேன். சர்க்கரைக்கார தாத்தாவை முதலில் முடித்துவிடுவேன், பாவம், வெறும் வயிற்றில் ரொம்ப நேரம் இருக்கக் கூடாது. பத்தரைக்கு ஸ்கூட்டியை ஓரங்கட்டி ஒரு டீ. பதினாலு வீடும் முடிந்து வந்து, குழம்பு வைத்து, பையனுக்குப் பாடமும் சொல்லிக்கொடுப்பேன்.

போன வருடம் ஆப் வந்தது. வரிசையை அதுதான் போடும். மாற்றினால் ஏன் என்று போன் வரும். வீடு கூடவில்லை, அதே பதினாலு. தூரம்கூடப் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் இப்போது மதியம் வந்து செருப்பைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகிறது. ஸ்டாஃப் சலுகையில் எனக்கும் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்தேன். அந்தப் பையனுக்கு வந்த அதே ரிப்போர்ட்.

கம்பெனிகள் இதற்கு வைத்தியம் என்று கொடுப்பது யோகா வகுப்பு, ஸ்டெப்ஸ் எண்ணும் ஆப், எங்கள் மாதிரி ஆட்களை வைத்து கேம்ப். செலவு உன் செல்லில் நடக்கிறது, அதை நீயே சரிக்கட்டு என்கிற மாதிரி. எங்கள் தொழிலும் யோக்கியம் இல்லை. இன்னும் சில வருடத்தில் "மைட்டோ எனர்ஜி பேக்கேஜ்" என்று ஒன்று நோட்டீஸில் வரும், கூடவே ஒரு கேப்சூலும் வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஊசி குத்துவது நானாகத்தான் இருப்பேன்.

ஆபீஸ் மெயிலில் ஒரே ஒரு கோரிக்கை அனுப்பியிருக்கிறேன்: வீடுகளைக் குறைக்க வேண்டாம், வரிசையை எங்களிடம் திருப்பிக் கொடுங்கள். மூன்று வாரம் ஆயிற்று. "நோட்டட்" என்று ஒரு வார்த்தை வந்தது.

நாளைக்கு முதல் வீடு மேற்கு மாம்பலம், ஐந்து நாற்பதுக்கு. இரண்டாவது வளசரவாக்கம். மூன்றாவது மறுபடி மேற்கு மாம்பலம், முதல் வீட்டுக்கு அடுத்த தெரு. சர்க்கரைக்கார தாத்தா ஒன்பதாவது.