பையைக் கட்டுவது யார்?

சீசன் வந்தால் குன்னூரில் எங்கள் வீடுகளுக்கு உறவினர்களை முந்திக்கொண்டு அவர்களுடைய பைகள்தான் வாசலில் இறங்கும். தங்கப் போவது இரண்டு நாள். வருவதோ ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர், ஜெர்க்கின், குரங்குக் குல்லா, கம்பளி, முறுக்கு டப்பா, போதாக்குறைக்கு ஒரு ரைஸ் குக்கர். மலை ரயிலில் வந்தால் இன்னும் கஷ்டம், அந்தக் குட்டிப் பெட்டியில் காலை வைப்பதா சூட்கேஸை வைப்பதா என்று ஆகிவிடும்.

இவ்வளவுக்கும் காரணம் குளிர் பற்றிய பயம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர், ஊட்டி 2,240. மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் 37 டிகிரி கொளுத்தும் மே மாத மதியத்தில் ஊட்டியிலேயே 24 டிகிரிதான் இருக்கும், ஜெர்க்கின் போட்டால் வேர்த்துக் கொட்டும். டிசம்பர், ஜனவரி உறைபனி வேறு கதை. அப்போதும் நடுங்க வைப்பது விடியற்காலையும் ராத்திரியும்தான்.

தடித்த உடுப்பு ஒன்று பாதிப் பையை விழுங்கிவிடும். பனியன், முழுக்கைச் சட்டை, மெல்லிய ஸ்வெட்டர், மேலே தூறலும் காற்றும் புகாத ஒரு கோட்டு என்று அடுக்கிப் போட்டால், நடுவில் நிற்கும் காற்றே சூட்டைப் பிடித்து வைக்கும். வெயில் ஏற ஏறக் கழற்றிக்கொள்ளலாம். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம். ஐப்பசி மழையில் குன்னூரில் அது நனைந்தால் நீங்கள் ஊருக்குத் திரும்பும்வரை காயாது. கனமான துணியை உடம்பில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள் என்று விமானத்தில் போகிறவர்கள் சொல்லும் யோசனையும் இங்கே சரிப்படாது, மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலேயே வெந்துவிடுவீர்கள். ஸ்வெட்டரைப் பைக்குள் மேலாக வையுங்கள், மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி எடுத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் பலருக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் பை ஏன் குறையவில்லை? எனக்குத் தோன்றுவது இதுதான்: நம் வீடுகளில் நாலு பேருக்கும் சேர்த்துப் பை கட்டுவது ஒரே ஆள். பெரும்பாலும் அம்மா. துண்டு எங்கே, சார்ஜர் எங்கே, சாக்ஸ் ஒன்றுதான் இருக்கு என்று எல்லாக் கேள்வியும் அவளிடம்தான் வரும். ஒன்று குறைந்தால் ஊர் திரும்பியும் சொல்லிக் காட்டுவார்கள். அப்படிப் பதில் சொல்ல வேண்டியவள் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் திணிக்காமல் என்ன செய்வாள்? "நீ எப்பவும் மூட்டை மூட்டையாத்தான் கட்டுவே" என்று கேலி செய்கிறவர் தன் உள்ளாடையைத் தானே எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை.

அதனால் சுமையைக் குறைப்பது பற்றிப் பாடம் எடுக்க வேண்டுமானால் அவளுக்கு எடுக்காதீர்கள். ஆளுக்கு ஒரு பை, தோளில் மாட்டுகிற அளவில். கட்டுவதும் தூக்குவதும் அவரவர். பத்து வயதுப் பிள்ளையாலும் முடியும். முதல் தடவை அவன் சாக்ஸை மறந்து பொம்மைக் காரை எடுத்து வருவான். வரட்டுமே, ஊட்டியில் சாக்ஸா கிடைக்காது?

கைக்குழந்தையோடு வருகிறவர்களிடம் இந்தக் கணக்கெல்லாம் பேச மாட்டேன், பாவம், கொண்டு வரட்டும். பெரியவர்களின் மாத்திரைகளிலும் கஞ்சம் வேண்டாம், ஒரு நாளுக்கு அதிகமாகவே இருக்கட்டும். அதைப் பஸ் டிக்கியில் போகும் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். கல்லாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவு தொடங்கியதும் வாந்தி மாத்திரையை யாராவது கேட்பார்கள்.