"சென்சார் போச்சு சார்!"

கார்ல செக் இஞ்சின் லைட் எரிஞ்சா ஸ்கேனர் மாட்டிப் பார்க்க ரெண்டு நிமிஷம் ஆகுமா? ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு பின் சாக்கெட், சொருகினா கோளாறைச் சொல்ற ஒரு கோடு (code) வந்துடும். அதுக்கே பில்லுல தனி சார்ஜ். சரி, வாங்கிக்கோங்க. வந்த கோடு என்ன சொல்லுதுன்னு யோசிக்கவும் சேர்த்துத்தானேய்யா அந்தக் காசு?

என் வண்டி 2014 மாடல், பெட்ரோல். சிக்னல்ல நின்னா உதறும், ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதப்ப இஞ்சின் ஓடுற வேகம்) ஏறி இறங்கும். வந்த கோடு பி0171. கலவையில காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. அதுக்கு மேல அந்தக் கோடு ஒண்ணும் சொல்லல. காத்து எந்த வழியா உள்ளே போகுது, இல்ல பெட்ரோல் ஏன் குறையுதுன்னு தேடுறதுதான் மெக்கானிக் வேலை. சர்வீஸ் சென்டர்ல பானெட்டைக்கூட திறக்காம சொன்னாங்க: "ஓ2 சென்சார் போச்சு சார், மாத்திடலாம்."

புகையில ஆக்சிஜன் எவ்வளவுன்னு பார்த்து, கலவை சரியில்லைன்னு கண்டுபிடிச்சுச் சொன்னதே அந்த சென்சார்தான்! புகார் கொடுக்க வந்தவனையே ஸ்டேஷன்ல உட்கார வைக்கிற மாதிரி இருக்கு. சென்சாரோட சர்க்யூட்ல கோளாறுன்னா பி0130, உள்ளே இருக்கிற ஹீட்டர்ல கோளாறுன்னா பி0135ன்னு தனித்தனியா வரும். அப்பவும் ஃபியூஸ், கனெக்டர், எலி கடிச்ச ஒயர் எல்லாம் பார்த்துட்டுத்தான் சென்சார் மேல கை வைக்கணும்.

மாத்தினாங்க. ஐயாயிரத்துச் சொச்சம், லேபர் தனி. கோடை கிளியர் பண்ணிட்டு, "பாருங்க சார், லைட் போயிடுச்சு"ன்னு பெருமை வேற. அழிச்சா போகாதா பின்னே? இந்த மாதிரி கோளாறு அடுத்தடுத்து ரெண்டு ஓட்டத்துல தெரிஞ்சாத்தான் லைட் மறுபடி எரியும். அதுக்குள்ள நாம பணத்தைக் கட்டிட்டு வீட்டுக்கு வந்திருப்போம்.

எரிஞ்சுது. திரும்பப் போனா, த்ராட்டில் பாடி (இஞ்சினுக்குக் காத்து விடுற கதவு) கிளீன் பண்ணணுமாம், இஞ்செக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சுறது) கிளீன் பண்ணணுமாம், அதுக்கும் கேட்கலைன்னா வண்டியோட கம்ப்யூட்டரான இசியு-வே போயிருக்கலாமாம். அப்போ அந்த சென்சாரைத் திருப்பி எடுத்துக்கோங்கன்னேன். "எலெக்ட்ரிக்கல் ஐட்டம், ரிட்டர்ன் கிடையாது சார்." இதுல ஒரு இலவச ஆலோசனை வேற, "பழைய வண்டிதானே, எக்ஸ்சேஞ்சுல போட்டுடுங்க"ன்னு.

கடுப்புல ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கி ஃபோன்ல ஆப் போட்டேன். சில நூறு ரூபாய் சாமான்தான். லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம்னு ஒரு எண் காட்டும். இசியு வழக்கத்தைவிட எவ்வளவு பெட்ரோல் கூட்டியோ குறைச்சோ ஊத்துதுன்னு அர்த்தம். ஒற்றை இலக்கத்துல இருந்தா பயமில்லை. என் வண்டியில ஐடில்ல 22 சதவீதம் கூடுதல். ஆக்சிலரேட்டரை மிதிச்சு 2500 ஆர்பிஎம்ல பிடிச்சா 6க்கு இறங்குது. எங்கேயோ காத்து லீக்! ஐடில்ல த்ராட்டில் மூடியிருக்கும், உள்ளே உறிஞ்சும் வேகம் அதிகம், சின்ன ஓட்டைகூட கணக்கைக் கெடுத்துடும். ஆர்பிஎம் ஏறினா வர்ற மொத்தக் காத்துல அது பொருட்டே இல்லை. மாறா, லோடு ஏற ஏற எண்ணும் ஏறினா பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போகணும். இவ்வளவுதான் சூட்சுமம். அவங்க ஸ்கேனர்லயும் இதே எண் வரும்யா!

தேடினதுல மாட்டினது, பிசிவி வால்வுல (இஞ்சினுக்குள்ள சேர்ற வாயுவை வெளியே விடுற வால்வு) இருந்து இன்டேக்குக்கு (காத்து உள்ளே போற குழாய்) போற ரப்பர் ஹோஸ். மேலே பார்த்தா புதுசு மாதிரி இருக்கு. விரலால வளைச்சா கிளாம்ப் ஓரத்துல, அடிப்பக்கம் வாயைப் பிளக்குது. இருநூத்துச் சொச்சம் ரூபாய். மாத்தினதும் ட்ரிம் இறங்குச்சு, உதறலும் நின்னுது.

"லைட்டு மேல டேப் ஒட்டிடு"ன்னு அட்வைஸ் பண்ற நண்பர்களே, உங்களையும் விடுறதா இல்லை. அது விட்டு விட்டு மின்னினா மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியல. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுடும். அதோட விலையைக் கேட்டுட்டு வந்து டேப் ஒட்டுங்க.

நேத்து சர்வீஸ் சென்டர்ல இருந்து ஃபோன். "ஃபீட்பேக் கால் வரும் சார், பத்துக்குப் பத்து சொல்லிடுங்க ப்ளீஸ்." சொல்றேன்மா. என் வண்டி ட்ரிம் ஐடில்ல எவ்வளவு, 2500ல எவ்வளவுன்னு உங்க சூப்பர்வைசர் ஜாப் கார்டைப் பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் மார்க் போடுறேன்.