கதவு திறக்காத விளையாட்டை ஏன் விற்கிறார்கள்?

போன வாரம், பாதி வேலையிலேயே விற்பனைக்கு வந்த ஒரு வீடியோ கேமைப் பற்றி நான் எழுதியதும், அதற்குக் கிடைத்த வசவுகளும் நண்பர்களுக்குத் தெரியும். "குறைகளைச் சரிசெய்யும் பேட்ச் பின்னால் வரும், அதற்குள் என்ன அவசரம்?" என்று எத்தனை பேர்! அவசரம் எனக்கா, விற்றவர்களுக்கா? முடிக்காத பொருளுக்கு முழு விலை வாங்காதீர்கள் என்றேன். அவ்வளவுதான்.

அந்த கேம், அக்கா மகன் மாதக்கணக்கில் சேர்த்த பணத்தில் வாங்கியது. மூன்றாவது மணி நேரத்தில் ஓர் இரும்புக் கதவு வருகிறது. சாவி கையில் இருக்கிறது, கதவு திறக்கவில்லை. வெகுநேரம் முட்டி மோதிவிட்டு வந்து, "நான்தான் எதையோ தவறாக அழுத்திவிட்டேனா, மாமா?" என்றான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை! பணத்தைத் திரும்பக் கேட்டால், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடிவிட்டானாம், தர மாட்டார்களாம்.

"பிடிக்காவிட்டால் வாங்காதே" என்பவர்களே, வாங்கிய பிறகுதானே கதவு திறக்காதது தெரிகிறது?

இணைய விளையாட்டுக் கடைகள் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டதால்தான் தனி ஆட்களும் சிறு குழுக்களும் தங்கள் விளையாட்டுகளை விற்க முடிந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயம்தான். எரிக் பரோன் ஒற்றை ஆளாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 2016-இல் ஸ்டார்டியூ வேலி என்ற விளையாட்டைக் கொடுத்தார். ஆடக்கூடிய நிலையில் கொடுத்தார்! 2017 முதல் ஸ்டீம் என்ற இணையக் கடையில் 100 டாலர் கட்டினால் ஒரு விளையாட்டை ஏற்றிவிடலாம். 2024-இல் மட்டும் 18,000-க்கு மேல் வந்தன, நாளொன்றுக்கு ஏறத்தாழ 50. ஆயத்தமாக விலைக்கு வாங்கிய அதே மரப் படம், அதே வீட்டுப் படம், விளையாட்டின் பெயர் மட்டும் வேறு என்று குவிகிற குப்பைக்கு அடியில் இன்னொரு பரோன் கிடந்தால் யார் கண்ணில் படுவார்?

இதெல்லாம் ஏற்கெனவே பட்டதுதான். 1982-இல் அட்டாரி என்ற விளையாட்டு நிறுவனம், பண்டிகை விற்பனையைப் பிடிக்க, ஈ.டி. திரைப்படத்தை ஒட்டிய விளையாட்டை ஐந்தே வாரங்களில் எழுத வைத்தது. நாய்த் தீனி விற்ற நிறுவனம்கூட விளையாட்டு வெளியிட்ட காலம் அது. குப்பை மலிந்து வாங்குகிறவர்களின் நம்பிக்கை போயிற்று. 1983-இல் அமெரிக்கச் சந்தையே சரிந்தது. விற்காத கேட்ரிட்ஜ்களை, அதாவது விளையாட்டு அடங்கிய சிறு பெட்டிகளை, நியூ மெக்சிகோவில் மண்ணுக்குள் புதைத்தார்கள்.

"குறைகளோடு வெளிவந்த சைபர்பங்க் 2077 விளையாட்டு பின்னர் சரியாகவில்லையா?" என்கிறீர்கள். சரியானது. 2020 டிசம்பரில் ஆசையோடு வாங்கியவருக்கு அந்த முதல் ஆட்டம் திரும்பி வருமா?

என்னைக் குறை சொல்லவே பிறந்தவன் என்று எழுதியவர் நேற்று மறுபடி வந்து, பேட்ச் வந்ததைப் பார்த்தாயா என்று கேட்கிறார். பார்த்தேன். கதவு திறக்கிறது. ஆனால் சேமித்து வைத்த பழைய ஆட்டம் செல்லாதாம், முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். அதை அந்தப் பிள்ளையிடம் நீங்களே வந்து சொல்லுங்கள், ஐயா.