விருப்பப் பட்டியலை எழுதுவது யார்?

சென்ற வியாழக்கிழமை மாலை, பள்ளி விட்ட பிறகு, ஒரு மாணவியும் அவளுடைய அப்பாவும் என்னைப் பார்க்க வந்தார்கள். ஏற்காட்டுக்கு அப்பால் உள்ள ஒரு மலைக் கிராமம். அப்பா காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். மகள் சேலத்தில் அரசு விடுதியில் தங்கி, எங்கள் பள்ளியில் படித்து, இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதத்தில் 94, இயற்பியலில் 88, வேதியியலில் 90. கணித மதிப்பெண்ணை அப்படியே வைத்து, மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் 200க்கு 183 வருகிறது. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கப் போகும் முதல் ஆள் அவள்தான்.

அவள் கையில் நான்காக மடித்த ஒரு கோடு போட்ட தாள் இருந்தது. பொறியியல் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியல் என்று ஒரு பிரவுசிங் சென்டரில் எழுதிக் கொடுத்தது. ஒன்பது கல்லூரிக் குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே பாடப்பிரிவு. மடிப்பு விழுந்த இடத்தில் மை கலைந்து ஒரு குறியீட்டின் கடைசி எண் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. ஒன்பதில் எட்டு சுயநிதிக் கல்லூரிகள். கருப்பூரில் 1966 முதல் இயங்கிவரும் சேலம் அரசு பொறியியல் கல்லூரி எட்டாவது இடத்தில் இருந்தது. சென்னையில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரி எங்குமே இல்லை.

"ஏம்மா, கிண்டியை ஏன் போடலை?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நமக்குக் கிடைக்காதுன்னு சென்டர்ல சொன்னாங்க மிஸ். கிடைக்காததை மேல போட்டா, கீழ இருக்கறதும் போயிடுமாம்."

அப்பா, "நாங்க என்னங்க டீச்சர் கண்டோம், அவங்க சொன்னதுதாங்க" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமான பதிவை எழுத உட்கார்ந்திருக்கிறேன். "மேலே போட்டால் கீழே இருப்பதும் போய்விடும்" என்பது முற்றிலும் தவறு. பல ஆண்டுகளாக இந்த அச்சம் மலையிலும் அடிவாரத்திலும் வாய்வழியாகப் பரவி, தகுதியுள்ள பிள்ளைகளைத் தாங்களாகவே ஓர் அடி பின்னுக்கு நிற்க வைத்திருக்கிறது.

இடம் ஒதுக்கப்படும் முறையைப் பொறுமையாகப் பாருங்கள். கணினி தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்துக்கொள்கிறது. உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலின் முதல் வரியைப் பார்க்கிறது. அங்கே பொதுப் பிரிவிலோ, உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவிலோ இடம் இருந்தால் அதைத் தருகிறது. இல்லையென்றால் இரண்டாவது வரிக்கு இறங்குகிறது, பிறகு மூன்றாவதற்கு. இந்த வேலை முடிந்த பிறகுதான் தரவரிசையில் உங்களுக்குப் பின்னால் இருப்பவரின் பட்டியலையே அது திறக்கிறது. எனவே, முதல் பத்து வரிகளில் நீங்கள் ஆசைப்பட்ட, கிடைக்குமோ கிடைக்காதோ என்ற கல்லூரிகளை எழுதினாலும், பதினோராவது வரியில் உள்ள கல்லூரி உங்களைவிடக் குறைந்த தரவரிசையில் இருப்பவருக்குப் போய்விடாது. ஆனால் பதினோராவதாக இருக்க வேண்டியதை முதல் வரியில் எழுதினால், கணினி அதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் நல்ல கல்லூரிகளை அது திரும்பியும் பார்க்காது. அந்த மாணவியின் தாளில் கருப்பூர் அரசுக் கல்லூரி எட்டாவதாக இருந்ததன் பொருள் இதுதான்.

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். நுழைவுத் தேர்வு ஒழிக்கப்பட்டு, 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சேர்க்கை நடக்கத் தொடங்கிய மறு ஆண்டு, என் தம்பிக்காக நாங்கள் ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு முழுக்கப் பயணம் செய்து கிண்டிக்குப் போனோம். அப்போது கலந்தாய்வு என்றால் நேரில் போய் நிற்பதுதான். பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மீதம் என்று எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் வழி நெடுகப் பேசி முடிவு செய்து வைத்திருந்த பிரிவின் கடைசி இடம், எங்கள் முறை வருவதற்குச் சற்று முன்னால் பூஜ்ஜியமானதைக் கண்ணால் பார்த்தோம். அப்பா என் கையைப் பிடித்தது இன்னும் நினைவிருக்கிறது. அந்த அரங்கில் சில நிமிடங்களுக்குள் ஒரே ஒரு முடிவைச் சொல்ல வேண்டும்; அங்கே "கிடைப்பதைப் பிடித்துக்கொள்" என்பது நியாயமான அறிவுரைதான். 2018இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியபோது இந்த நெருக்கடி போய்விட்டது. எத்தனை வரிகள் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதியதைப் பூட்டும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முறை மாறி ஆண்டுகள் ஆகியும் நாம் பழைய அரங்கத்துப் பயத்தோடுதான் புதிய பட்டியலை எழுதிக்கொண்டிருக்கிறோம். மாநிலத்தில் 400க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கும்போது, ஒன்பது வரிகளோடு ஒரு பெண் கலந்தாய்வுக்குப் போகிறாள்.

அன்று மாலை அவளை உட்காரவைத்து, முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பினருக்கு எந்தக் கட்-ஆஃபில் இடம் முடிந்தது என்று சேர்க்கை இணையதளத்திலேயே வெளியிட்டிருக்கும் விவரத்தைக் காட்டினேன். அவளுக்கு உரிய பழங்குடியினர் என்ற பத்தியில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக இறங்கினாள். கிண்டியின் சில பிரிவுகளுக்கு எதிரே இருந்த எண்கள் 183ஐவிடக் குறைவாக இருந்தன. அவள் எதுவும் பேசவில்லை. அந்த வரியை மட்டும் இரண்டாம் முறை படித்தாள்.

ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்குத் தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டில் உரிய பங்கு 1 விழுக்காடு. அந்த ஒன்றைக் கையில் வாங்குவதற்கே ஒரு சான்றிதழ் வேண்டும். மற்ற வகுப்பினருக்குத் தாசில்தார் மட்டத்தில் முடிந்துவிடும் சாதிச் சான்றிதழ், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரின் கையொப்பத்தோடுதான் வரும். அதற்கு விசாரணை உண்டு, விசாரணைக்கு நாள் உண்டு. தகுதியில்லாதவர்கள் அந்தச் சான்றிதழைப் பெற்றுவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் பிளஸ் டூ முடிவு வந்த பிறகு அதற்கு விண்ணப்பிக்கும் குடும்பத்துக்கு, விண்ணப்பப் பதிவுக்குக் கிடைக்கும் ஒரு மாதம் போதவே போதாது. அந்த ஒரு மாதமும் மே மாதமாக அமைந்துவிடுகிறது. மே என்றால் ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் வரிசையாக நிற்கும். கீழே இறங்கும் பேருந்தில் ஊர்க்காரர்களுக்கு நிற்க இடம் கிடைக்காது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இறங்கி, "நாளைக்கு வாங்க" என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டுவிட்டு ஏறும் அப்பாக்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஆகவே பெற்றோருக்கு நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கும்போதே சாதிச் சான்றிதழை வாங்கி வைத்துவிடுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழையும் பிளஸ் டூ பொதுத் தேர்வுக்கு முன்பே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 முதல் தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. மலையில் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இதில் அடங்கும். இந்த ஒதுக்கீட்டில் சேருபவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதைப் பற்றி எல்லாருக்கும் தெரியும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அதே மாணவருக்குப் பொதுக் கலந்தாய்விலும் இடம் கிடைக்கக்கூடும் என்பதும், எந்த வழியில் சேருகிறோம் என்பதைப் பொறுத்தே கட்டணம் அமையும் என்பதும் பல வீடுகளுக்குத் தெரியாது. கல்லூரியின் பெயர் ஒன்றே என்று எண்ணி மாற்றிச் சம்மதம் கொடுத்துவிட்டால், நான்கு ஆண்டுகளின் கட்டணம் அந்தக் குடும்பத்தின் தலையில் விழும்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்று என்னை இன்னமும் உறுத்துகிறது. எங்கள் பள்ளியில் படித்த ஒரு பையனுக்குத் தற்காலிக ஒதுக்கீடு வந்தது. வந்த ஒதுக்கீட்டை இரண்டு நாளுக்குள், மாலை 5 மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தவர், அவசரத்திலோ வழக்கத்திலோ, பையனின் எண்ணுக்குப் பதிலாகத் தம் கடையின் செல்போன் எண்ணைக் கொடுத்திருந்தார். கடவுச்சொல்லும் அவரிடமே இருந்தது. குறுஞ்செய்தி கடைக்குப் போனது. அன்றைக்குக் கடையில் கூட்டம். பையன் இருந்த ஊரில் சிக்னல் கிடைக்க ஒரு மேட்டுக்கு ஏற வேண்டும். மூன்றாம் நாள் காலை அவன் என் முன்னால் வந்து நின்றபோது அந்த இடம் அவனுடையதாக இல்லை. அந்தக் கடைக்காரர் கெட்டவர் அல்லர். என்னிடம் மனம் வருந்திப் பேசினார். ஆனால் பதினேழு வயதுப் பையனின் நான்கு ஆண்டு வாழ்க்கையை ஒரு கடையின் செல்போனுக்குள் வைக்க விட்டது பள்ளியில் இருந்த எங்கள் தவறு. நான் அவனுக்குக் கால்குலஸ் சொல்லிக்கொடுத்தேன். கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காதே என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு உறுதியான ஒரு கருத்து இருக்கிறது. விண்ணப்பம் பூர்த்தி செய்வதும் விருப்பப் பட்டியல் எழுதுவதும் பள்ளிக்குள்ளேயே, பள்ளியின் கணினி அறையில், மாணவரின் சொந்தக் கையால் நடக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் வாரம் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கினாலும் தகும். உதவி மையங்களை அரசு வைத்திருக்கிறது, அங்கே போகலாம்; ஆனால் மாணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உனக்கு மின்சாரத்தில் ஆர்வம் என்று சொல்வாயே, இதில் ஏன் கம்ப்யூட்டர் மட்டும் இருக்கிறது?" என்று கேட்க அவருடைய ஆசிரியரால்தான் முடியும். அந்தத் தாளின் ஒன்பது வரிகளிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் இருந்தது. அவளோ பதினோராம் வகுப்பில் விடுதியின் மோட்டார் பழுதானபோது, மெக்கானிக் வரும்வரை காத்திருந்து, அருகில் நின்று பார்த்துவிட்டு வந்து என்னிடம் அரை மணி நேரம் பேசியவள்.

ஐஐடி, என்ஐடி பற்றியும் ஒரு வார்த்தை. திருச்சி என்ஐடியில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு உரியவை. அதற்கான ஜேஇஇ மெயின் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். ஐஐடிக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வோ இன்றளவும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. இது மாற வேண்டும் என்று நான் உரக்கவே சொல்வேன். மாறும்வரை நம்மால் செய்யக்கூடியது, ஜனவரியில் நடக்கும் ஜேஇஇ மெயின் தேர்வுக்கான விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே வந்துவிடும் என்பதை மாணவருக்குப் பதினோராம் வகுப்பிலேயே சொல்லிவைப்பது. பிளஸ் டூ முடிவு வந்த பிறகு என்னிடம் வந்து "மிஸ், ஐஐடிக்கு எப்படிப் போடறது?" என்று கேட்ட பிள்ளைகளின் முகங்களை என்னால் மறக்க முடியவில்லை.

வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு அந்த மாணவி புதிய தாளில் தன் கையெழுத்தில் 34 வரிகள் எழுதி முடித்தாள். முதல் வரியில் கிண்டியின் குறியீடான 1, எதிரே மின் மற்றும் மின்னணுப் பொறியியல். கருப்பூர் அரசுக் கல்லூரிக்கு, எந்தச் சுயநிதிக் கல்லூரிக்கும் முன்னால், நான்கு வரிகள் கொடுத்திருந்தாள். பழைய தாளில் இருந்த ஒன்பதில் நான்கை மட்டும் கடைசியில் வைத்துக்கொண்டாள். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று அப்பா இருமுறை கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் அவசரப்படுத்தவில்லை.

வரும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை 10 மணி முதல் மாலை 4 மணிவரை எங்கள் பள்ளிக் கணினி அறையில் இருப்பேன். எந்தப் பள்ளியில் படித்த பிள்ளையாக இருந்தாலும் வரலாம். தரவரிசை எண், அசல் சான்றிதழ்கள், குறுஞ்செய்தி வரும் செல்போன் மூன்றையும் கொண்டு வாருங்கள். சென்டரில் எழுதிக் கொடுத்த பட்டியல் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், வரி வரியாக உட்கார்ந்து பார்ப்போம். மலையிலிருந்து வருபவர்கள் முதல் பேருந்தில் இறங்கினால் நான் ஒன்பது மணிக்கே திறந்து வைக்கிறேன்.