தட்டில் செத்த செல்

சித்தப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து வாரத்துக்கு இரண்டு செய்தியாவது அனுப்பிவிடுகிறார். "இந்தச் செடியோட சாறு புற்றுநோய்ச் செல்லை அப்படியே கொன்னுடுதாம், படிச்சுப் பாருப்பா." செய்தியில் பொய் இல்லை. ஆய்வகத்தில் நிஜமாகவே செல் செத்திருக்கிறது. என் மனத்தாங்கல் எல்லாம் அது எப்படிச் செத்தது என்பதைப் பற்றித்தான்.

செல் வளர்க்கும் ஆய்வகத்தில் சில வருடம் குப்பை கொட்டியவன் நான். இலையைக் காயவைத்துப் பொடித்து மெத்தனாலில் ஊறப்போட்டு வடிகட்டுவோம். மெத்தனாலை ஆவியாக்கினால் தார் மாதிரி ஒரு பிசின் மிஞ்சும். அதை டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தில் கரைத்து, 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் வளரும் செல்கள்மேல் விடுவோம். இரண்டு மூன்று நாள் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் சாயம். உயிரோடிருக்கும் செல் அதை ஊதாவாக மாற்றும். ஊதா குறைந்தால் செல் குறைந்தது என்று கணக்கு. பாதி செல்லை ஒழிக்கத் தேவைப்படும் அளவுதான் ஐசி50.

இதில் ஓட்டைகள் நிறைய. டிஎம்எஸ்ஓ கொஞ்சம் கூடினாலே செல்லுக்கு ஆகாது. சில சாறுகளில் இருக்கும் பாலிஃபீனால்கள் என்ற செடிப் பொருள்கள் செல்லே இல்லாத குழியிலும் சாயத்தை ஊதாவாக்கிவிடும். இன்னும் சில, வளர்ப்புத் திரவத்திலேயே ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். செல்லைக் கொன்றது பெராக்சைடு, பெயர் வாங்கியது செடி! எனக்கு அதைவிட எரிச்சல் தருவது வேறொன்று. அதே சாற்றைப் புற்றில்லாத புராஸ்டேட் செல்மேல் விட்டுப் பார்க்காமலே கட்டுரையை முடித்துவிடுகிறார்கள். எல்லாச் செல்லையும் கொல்வதற்குப் பினாயில் போதுமே.

செல்களும் பழைய செல்கள். ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் மூன்று செல் வகைகளும் புராஸ்டேட் புற்று பரவிய இடங்களிலிருந்து 1970களில் எடுக்கப்பட்டவை: எல்என்கேப் நிணநீர் முடிச்சிலிருந்து, பிசி-3 எலும்பிலிருந்து, டியு145 மூளையிலிருந்து. பின்னிரண்டும் ஆண் ஹார்மோன் இல்லாமலே வளரும். பெரும்பாலான நோயாளிகளின் புற்றோ தொடக்கத்தில் அந்த ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது.

அப்புறம் அளவு. ஒரு சாற்றின் ஐசி50 மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். உடம்பில் ஐந்து லிட்டர் ரத்தம். அந்த அடர்த்தி வர, அரை கிராம் சாறு சிதையாமல் ரத்தத்துக்குள் போய் அப்படியே நிற்க வேண்டும். குடலும் கல்லீரலும் அதற்கு விடாது. இது ரத்தத்துக்கு மட்டும் போட்ட கணக்கு, திசுக்களுக்குள் பரவுவது தனி.

"மூலிகைதானே, கெடுதல் என்ன?" என்பார்கள். அமெரிக்காவில் பிசி-ஸ்பெஸ் என்று எட்டு மூலிகைக் கலவை ஒன்று விற்றது. சாப்பிட்டவர்களுக்கு பிஎஸ்ஏ அளவு (புராஸ்டேட் புற்றைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் புரதம்) இறங்கியது, மருத்துவர்களே கவனிக்க ஆரம்பித்தார்கள். கேப்ஸ்யூல்களைச் சோதித்தபோது சில தொகுப்புகளில் டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோனும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் இருந்தன. 2002-இல் விற்பனை நின்றது. அந்த ஹார்மோன் புராஸ்டேட் புற்றுக்குக் கொடுத்துவந்த பழைய மருந்து. பிஎஸ்ஏ இறங்கியதில் அதன் பங்கு எவ்வளவு, மூலிகையின் பங்கு எவ்வளவு?

செடிமேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. பசிபிக் யூ மரத்தின் பட்டையை 1962-இல் சேகரித்தார்கள். அதற்குள் இருந்த பொருளைப் பிரித்து, அதன் வடிவத்தை 1971-இல் வெளியிட்டார்கள். அது பக்லிடாக்சல் என்ற மருந்தாகி அமெரிக்காவில் அனுமதி வாங்கியது 1992-இல், அதுவும் சினைப்பைப் புற்றுக்கு. அதன் தம்பி டோசிடாக்சல், ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலையில் கிடைக்கும் பொருளிலிருந்து செய்வது. முற்றிய புராஸ்டேட் புற்றுக்கு அதற்கு அனுமதி கிடைத்தது 2004-இல். தட்டில் செல் சாவது இந்த நீண்ட வரிசையில் முதல் படி. அதில் ஏறிய சாறுகளில் ஏறக்குறைய எல்லாமே அங்கேயே நின்றுவிட்டன.

சித்தப்பாவுக்கு இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறுவதும் டோசிடாக்சல்தான். போன வாரம் இந்தக் கதையைச் சொன்னேன். கண் மலர்ந்துவிட்டது. "அப்போ அந்த மரத்து இலையைக் கஷாயம் வெச்சுக் குடிச்சா?"

"இதயம் நின்னுடும் சித்தப்பா. அந்த இலை விஷம்."

அன்றைக்கு வேறு செய்தி எதுவும் வரவில்லை.